புக்கிட் தீமா நிலையத்தில் வளையம் நீட்டியது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாரு போகும் ரயிலுக்கு முன்பதிவு செய்வது பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இன்றைய ரயிலைப் பற்றி இல்லை, 2011 வரை தீவுக்குள் ஓடிய பழைய ரயிலைப் பற்றி. சரி, இந்த மாதம் முழுக்க ரயில்தான்.

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். சின்னதாக ஒரு செங்கல் கட்டடம், ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். இவ்வளவு சிறிய நிலையத்தை ஏன் பாதுகாக்கிறார்கள்? இணையத்தில் பார்த்த ஒரு பழைய படத்தில் பிளாட்பாரத்தில் நிற்பவர் வரும் ரயிலை நோக்கிப் பெரிய வளையம் ஒன்றை நீட்டுகிறார். அது எதற்கு? – புக்கிட் பாஞ்சாங் வாசகி

பதில்: வளையத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்த நிலையம் அங்கே இருந்ததற்கு முக்கியக் காரணமே அதுதான்.

தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை இருந்தது ஒற்றைப் பாதை. வடக்கே போகிற ரயிலுக்கும் தெற்கே வருகிற ரயிலுக்கும் ஒரே தண்டவாளம் என்றால், நடுவில் எங்காவது ஒன்று ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிட்டாக வேண்டும். அப்படி ஒதுங்குவதற்கான லூப் லைன் புக்கிட் தீமாவில் இருந்தது. சரி, எந்த ரயில் முதலில் கிளம்பலாம், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டால் என்ன ஆவது? அதைத் தடுக்கத்தான் டோக்கன்.

டோக்கன் என்பது ஓர் உலோகச் சாவி. பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் இரு முனை நிலையங்களிலும் ஆளுக்கொரு இயந்திரம் இருக்கும், இரண்டையும் மின்கம்பி இணைத்திருக்கும். ஒரு முனையில் ஒரு சாவியை வெளியே எடுத்துவிட்டால், அது ஏதாவது ஒரு முனையில் திரும்பப் போடப்படும்வரை இரண்டு இயந்திரங்களிலிருந்தும் வேறு சாவி வராது. கையில் சாவி இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. இந்த ஒரு விதியைச் சரியாகப் பின்பற்றினாலே, இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் சந்திக்க வழியே இல்லை.

நிற்காமல் போகும் ரயிலுக்கு இந்தச் சாவியை எப்படிக் கொடுப்பது? பெரிய வளையம், அதன் அடியில் ஒரு சிறிய தோல் பை, பைக்குள் சாவி. ஊழியர் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று வளையத்தை உயர்த்திப் பிடிப்பார், ரயில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும், இன்ஜினில் இருப்பவர் கையை வெளியே நீட்டி வளையத்துக்குள் நுழைத்து அப்படியே வாரிக்கொள்வார், அதே வேளையில் தான் கடந்துவந்த பகுதிக்கான சாவியுள்ள வளையத்தை இங்கே விட்டுவிடுவார். வளையம் அவ்வளவு பெரிதாக இருப்பதும் அதனால்தான். ஓடும் வண்டியிலிருந்து ஒரு சாவியைப் பிடிக்க முடியாது, முழங்கை நுழைகிற வளையத்தைப் பிடிக்கலாம். பிறகு ஊழியர் பழைய சாவியை உள்ளே கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டால்தான் அந்தப் பகுதி அடுத்த ரயிலுக்குத் திறக்கும். நகர ரயிலான எம்ஆர்டியில் வடகிழக்குப் பாதையில் ஓட்டுநரே இல்லாத ரயில்கள் 2003லேயே ஓட ஆரம்பித்துவிட்டன, ஆனால் புக்கிட் தீமாவில் 2011 ஜூன் 30ஆம் தேதி, கடைசி நாள்வரை, ரயில் போனது மனிதர் கையிலிருந்து மனிதர் கைக்கு மாறிய சாவியால்தான்.

அங்கே பயணிகள் எப்போதுமே திரளாக ஏறி இறங்கியதில்லை. ஆனால் வேலை நிறைய. 1933ல் புக்கிட் தீமாவுக்கு வந்த குதிரைப் பந்தயத் திடலுக்கான குதிரைகள் ரயிலில் வந்து இங்கேதான் இறங்கின. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ரயில் விடுவதற்காகப் போட்ட கிளைப் பாதையும் இங்கிருந்துதான் பிரிந்தது. சன்செட் வே பக்கம் இன்னும் நிற்கிறதே அந்தக் கறுப்பு இரும்புப் பாலம், அது அந்தப் பாதையின் மிச்சம்.

கட்டடம் 1932ல் வந்தது, ரயில் நின்ற 2011லேயே பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது, பழுதுபார்த்து 2022 ஜூலை 1 முதல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தஞ்சோங் பகார் அழகுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரயில்வே என்பது எப்படி ஓடியது, அதில் ஆட்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் நான் முதலில் புக்கிட் தீமாவுக்குத்தான் போகச் சொல்வேன். அடுத்த முறை பிளாட்பாரத்தின் விளிம்பில் பிள்ளைகளை நிறுத்தி, கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு பக்கத்தில் ரயில் போயிருக்கும் என்பது அவர்களுக்கே புரியும்.

கேள்வி: தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது என் பெரியப்பா, “இந்தப் பக்கம்தான் அந்தக் காலத்து ரயில்வே ஸ்டேஷன்” என்றார், அவருடைய அப்பா சொன்னதாம். தஞ்சோங் பகாரைத்தானே எல்லாரும் சொல்கிறார்கள்? – ஈசூன் வாசகர்

பதில்: பெரியப்பா சொன்னது சரி. அவரை உட்கார வைத்து இன்னும் கேளுங்கள்.

சிங்கப்பூரின் முதல் ரயில் பாதை 1903 ஜனவரி 1 அன்று டேங்க் ரோட்டுக்கும் புக்கிட் தீமாவுக்கும் இடையே திறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உட்லண்ட்ஸ்வரை நீண்டது. அந்த டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலைச் செட்டியார்கள் கட்டியது 1859ல், ஆக ரயில் வந்தபோது கோயிலுக்கு வயது 44. நியூட்டன், குளுனி, புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங், கிராஞ்சி என்று வழியில் நிலையங்கள். இந்தப் பெயர்களில் சிலவற்றை எம்ஆர்டி வரைபடத்தில் பார்த்துப் பழகிய நமக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கெல்லாம் ரயில் நின்றது என்பது வியப்பாக இருக்கும். அன்று நியூட்டன் என்பதே ஊருக்கு வெளியே. ஆகவே, தீவுக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய்வரும் புறநகர் ரயில் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது இந்த டேங்க் ரோடு ரயில்தான். 1907ல் பாசிர் பாஞ்சாங் பக்கமும் அதை நீட்டினார்கள்.

உட்லண்ட்ஸில் இறங்கினால் அடுத்து படகு. ஜோகூர் மாநில ரயில் பாதை 1909ல் முடிந்த பிறகு, அந்தக் கரையில் ஏறினால் பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை வரைக்கும் ரயிலிலேயே போகலாம் என்றாயிற்று. ஜோகூர் நீரிணையின் குறுக்கே போட்ட காஸ்வே வழியாக ரயில் ஓடத் தொடங்கியது 1923ல், முதலில் சரக்கு ரயில், அக்டோபரில் பயணிகள் ரயில். முறையான திறப்பு விழா 1924 ஜூனில்.

பிறகு ஏன் டேங்க் ரோட்டை விட்டார்கள்? ஊர் வளர்ந்து ரயிலை நெருக்கியது. சாலைகளின் குறுக்கே கேட் போட்டு கார்களையும் மாட்டு வண்டிகளையும் நிறுத்தி வைத்துக்கொண்டே இருக்க முடியாது, அதுபோக நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் தூரம். அதனால் புக்கிட் தீமாவிலிருந்து மேற்காகத் திருப்பி, குவீன்ஸ்டவுன் பக்கமாகத் துறைமுகத்தை நோக்கி முற்றிலும் புதிய பாதை போட்டு, தஞ்சோங் பகார் நிலையத்தை 1932 மே 2 அன்று ஆளுநர் சிசில் கிளெமெண்டி திறந்துவைத்தார். டேங்க் ரோடு பாதையை எடுத்துவிட்டார்கள். நியூட்டனுக்கு அதன் பிறகு ரயில் வந்தது எப்போது தெரியுமா? 1987 டிசம்பரில், எம்ஆர்டியாக. நடுவில் 55 ஆண்டு இடைவெளி.

கேள்வி: சென்னையில் பீச் – தாம்பரம் மின்சார ரயில் அந்தக் காலத்திலேயே வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிப்போனதே, இங்கே மட்டும் பழைய ரயில் அப்படி ஏன் வளரவில்லை? – சுவா சூ காங் வாசகர்

பதில்: நல்ல ஒப்பீடு. தாம்பரம் மின்ரயில் 1931ல் தொடங்கியது, தஞ்சோங் பகாரைவிட ஓராண்டுதான் மூத்தது. இரண்டிலும் தண்டவாள அகலம்கூட ஒரே ஒரு மீட்டர்தான் (தாம்பரம் பிறகு அகலப் பாதையாகிவிட்டது, மலேசிய ரயில் இன்றும் மீட்டர் பாதைதான்).

ஆனால் நோக்கம் வேறு. சிங்கப்பூர் ரயில் என்பது மலாயாவின் ரப்பருக்கும் வெள்ளீயத்துக்கும் துறைமுகத்துக்கு வழி, தொலைதூரப் பயணிகளுக்கு வழி. ஒற்றைப் பாதையில், மேலே சொன்ன டோக்கன் முறையில், பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் விடவே முடியாது. 1932ல் பாதையை ஊரின் மேற்கே தள்ளியபோது ஆர்ச்சர்ட், நியூட்டன் பக்கம் குடியிருந்தவர்களின் ரயிலும் போய்விட்டது, அவர்களுக்குப் பேருந்து வந்துவிட்டது. 1965க்குப் பிறகு இன்னொரு தடை: ரயிலும் நிலமும் வேறொரு நாட்டினுடையவை. தன் மக்கள் தினமும் வேலைக்குப் போகும் வண்டியை எந்த அரசாங்கமும் அப்படிப்பட்ட பாதையில் நம்பி விடாது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 1982ல் எம்ஆர்டி கட்ட முடிவெடுத்தபோது பழைய பாதையைத் தொடாமல் புதிதாகவே போட்டார்கள். அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலுக்கும் ரயிலுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே? – புவாங்கோக் வாசகி

பதில்: உண்டு. ரயில்வே குடியிருப்பில் இருந்த தொழிலாளர்கள் 1932ல் குவீன்ஸ்வே பகுதியில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்து வணங்கிய சிறிய முனியாண்டி கோயில்தான் அதன் தொடக்கம். பிறகு அங்கிருந்து இடம் மாறி, இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. ஆண்டைக் கவனியுங்கள்: 1932, புதிய பாதை திறந்த அதே ஆண்டு. பக்கத்துப் பேட்டைக்கு டாங்ளின் ஹால்ட் என்று பெயர் வந்ததும் அங்கே ரயில் நின்றதால்தான்.

முனியாண்டி காவல் தெய்வம். ஊர் எல்லையில் இருந்து காப்பவர். தண்டவாளத்தில் வேலை பார்த்தவர்கள் அவரைத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே வைத்ததில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் தண்டவாளத்தின் அடியில் இருக்கும் மரக்கட்டை உளுத்துப்போகும், ஜல்லி மண்ணுக்குள் இறங்கும், அந்த ஒரு மீட்டர் அகலம் எங்காவது கொஞ்சம் விலகினாலும் ரயில் தடம் புரளும். அதைப் பார்த்துக்கொண்டே நடப்பதும், கட்டையை மாற்றுவதும், ஜல்லியைக் குத்தி இறுக்குவதும் கேங் ஆட்களின் வேலை. மலாயா ரயில்வேயில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர்கள். அலுவலகத்திலும் ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலும் யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். அவர்கள் ஆங்கிலம் படித்தவர்களாக வந்ததால் அந்த வேலை, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தண்டவாள வேலை. இந்த இரண்டு கூட்டமும் ஒரே ரயிலை ஓட்டினாலும் வாழ்ந்தது வேறு வேறு உலகத்தில், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தஞ்சோங் பகார் கட்டடத்தைப் பற்றி எழுதும்போது கட்டியவர்களின் பெயரும் சிற்பியின் பெயரும் வருகிறது. பாதையைப் பராமரித்த ஆட்களின் பெயர் எங்கும் வருவதில்லை. உங்கள் குடும்பத்தில் ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா யாராவது இருந்தால், அவர் எந்தப் பகுதியில் வேலை பார்த்தார், எந்தக் குடியிருப்பில் இருந்தார், சம்பளம் எப்படி வந்தது என்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். படம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.

கேள்வி: சிங்கப்பூருக்குள் மலேசியாவுக்கு எப்படி நிலம் இருந்தது? தஞ்சோங் பகாரில் ஏறினால் முதலில் மலேசியாவுக்குள் நுழைந்த பிறகுதான் சிங்கப்பூரை விட்டு வெளியேறினோம் என்று அம்மா சொல்கிறார், நம்ப முடியவில்லை. – தெம்பனிஸ் கல்லூரி மாணவர்

பதில்: நம்பலாம். 1998 ஆகஸ்ட் 1 அன்று சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையைத் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா மாற்றவில்லை. அதனால் அம்மா தஞ்சோங் பகாரில் மலேசிய அதிகாரிகளின் மேசையைக் கடந்து ரயில் ஏறியிருப்பார், தீவை முழுக்கக் கடந்து உட்லண்ட்ஸில் இறங்கி, அங்கேதான் சிங்கப்பூர் வெளியேறும் முத்திரை வாங்கியிருப்பார். புக்கிட் தீமா மரங்களைப் பார்த்துக்கொண்டு போன அந்தப் பயணம் முழுக்க, காகிதத்தின்படி அவர் மலேசியாவுக்குள் நுழைந்துவிட்டவர், சிங்கப்பூரை விட்டு இன்னும் கிளம்பாதவர்.

நிலத்தின் கதை 1918ல் தொடங்குகிறது. அன்று இரண்டு பக்கமும் பிரிட்டிஷ் ஆட்சி, ரயிலை நடத்தியது மலாய் கூட்டரசு மாநிலங்களின் ரயில்வே, அதற்கு ரயில் நிலத்தை 999 ஆண்டு குத்தகைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். நடுவில் எல்லை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. 1965ல் எல்லை வந்தது, குத்தகை அப்படியே மலேசிய ரயில்வேயான கேடிஎம் கையில் தொடர்ந்தது.

1990 நவம்பரில் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுதீனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்பதிலேயே கருத்து வேறுபாடு வந்து இருபது ஆண்டுகள் இழுத்தது. 2010 மே மாதம் பிரதமர்கள் லீ சியன் லூங்கும் நஜிப்பும் தீர்த்துவைத்தார்கள்: ரயில் உட்லண்ட்ஸோடு நிற்கும், ரயில் நிலங்களுக்குப் பதிலாக மரினா சவுத்திலும் ஓபீர் – ரோச்சோரிலும் நிலம், அதை இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து கட்டும். மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூரின் தெமாசெக்குக்கு 40. நீங்கள் பூகிஸில் பார்க்கும் டுவோ கோபுரங்களும், மரினா சவுத்தில் உள்ள மரினா ஒன் கட்டடங்களும் அந்தத் தண்டவாள நிலத்துக்கு மாற்றாக வந்தவைதான்.

2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராஹிமே ஓட்டிப்போனார். காஸ்வே கட்டப்பட்டது அவருடைய கொள்ளுத்தாத்தா ஆட்சியில். மறுநாளிலிருந்து இரண்டு வாரங்களுக்கு மேல் தண்டவாளத்தில் நடந்து பார்க்க மக்களை அனுமதித்தார்கள், அப்புறம் தண்டவாளங்களைக் கழற்றிவிட்டார்கள்.

கேள்வி: தஞ்சோங் பகார் முகப்பில் உள்ள நாலு சிலைகள் யார்? – பிடோக் வாசகர்

பதில்: ஆட்கள் இல்லை. வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கின் உருவங்கள், இத்தாலியச் சிற்பி ரொடோல்ஃபோ நொல்லி செய்தவை. மேலே உள்ள நாலு ஆங்கில எழுத்துகள் அன்றைய ரயில்வேயின் பெயர்ச்சுருக்கம். 2011ல் தேசிய நினைவுச்சின்னமானது. கண்டோன்மெண்ட் எம்ஆர்டி நிலையத்தை அதற்கு நேர் கீழே கட்டியிருக்கிறார்கள், அதற்காகப் பழைய பிளாட்பாரக் கூரையில் ஒரு பகுதியைக் கழற்றி வைத்து வேலை செய்தார்கள்.

கேள்வி: ஆர்டிஎஸ் (ஜோகூர் பாரு – சிங்கப்பூர் விரைவு ரயில்) வந்தால் உட்லண்ட்ஸ் ரயில் என்ன ஆகும்? – அட்மிரல்டி வாசகி

பதில்: உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே 2015 முதல் ஓடும் ஷட்டில் தெப்ராவ் ரயில் நிறுத்தப்படும் என்பதுதான் திட்டம். புதிய பாதை ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் வரை, சுமார் 4 கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேர்வரை போகலாம். 2026 முடிவுக்குள் ஓட விடுவது இரு நாடுகளும் வைத்திருக்கும் இலக்கு. இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் ஏறும் இடத்திலேயே முடித்துவிடலாம், இறங்கிய பின் நேராக நடையைக் கட்டலாம். தினமும் காஸ்வேயில் நின்று வேலைக்குப் போய்வருகிற நம் ஆட்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் மீட்டர் பாதையில் காஸ்வேயைக் கடக்கும் அந்தப் பழைய வண்டியில் ஒரு முறை போய்வர ஆசை இருந்தால், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வார இறுதியில் பழைய பாதையில் நடக்க எங்கிருந்து தொடங்கலாம்? – செங்காங் வாசகர்

பதில்: பழைய பாதையை நடைபாதையாக்கிய ரயில் காரிடார் மொத்தம் 24 கிலோமீட்டர், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி, புக்கிட் தீமா சாலைக்கு மேலே போகும் இரும்புப் பாலத்தில் ஏறுங்கள், பக்கத்திலேயே நிலையம். நிலையத்தைப் பார்த்துவிட்டு வடக்கே நடந்தால், இயற்கைவனத்தின் ஓரமாகப் போய் ரயில் மாலில் இரண்டாவது இரும்புப் பாலம் வரும். ரயில் ஓடுவதற்காகப் போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏற்றம் இருக்காது, பெரியவர்களும் மெதுவாக நடக்கலாம். அங்கிருந்து பழைய ஃபோர்ட் தொழிற்சாலை பக்கம்தான், 1942 பிப்ரவரி 15ல் பிரிட்டிஷார் சரணடைந்த இடம். திரும்ப ஹியூம் எம்ஆர்டியில் ஏறிக்கொள்ளுங்கள். தண்ணீர் கையில் இருக்கட்டும், பாதையின் நடுவில் கடை கிடையாது.